பிரிவுசார் ஆட்ட அட்டவணை (பனி ஹாக்கி)

பிரிவுசார் ஆட்ட அட்டவணை என்பது, ஒரு விளையாட்டு லீக்கில் உள்ள ஒவ்வோர் அணியும் தன் பிரிவைச் சேர்ந்த அணிகளுடன் மற்ற அணிகளைவிட அதிக முறை மோதும் வகையில் அமைக்கப்படும் ஆட்ட அட்டவணை ஆகும். எல்லா அணிகளும் ஒன்றுடன் ஒன்று ஒரே எண்ணிக்கையில் மோதும் அட்டவணை சமநிலை அட்டவணை எனவும், அவ்வாறு அமையாதது சமநிலையற்ற அட்டவணை எனவும் அழைக்கப்படும். பிரிவுசார் அட்டவணை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் பனி ஹாக்கி அமைப்பான தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.), 1967 முதல் பல்வேறு அளவுகளில் இம்முறையைக் கையாண்டு வந்துள்ளது. ஓர் அணி எத்தனை புள்ளிகள் பெறும் என்பது அதன் திறமையை மட்டுமன்றி, அது எந்தப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் பொறுத்தது. இதனால், பருவ முடிவில் நடைபெறும் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அட்டவணையால் கூடவோ குறையவோ செய்கிறது. பிளேஆஃப் வாய்ப்பை இழக்கும் அணி, ஸ்டான்லி கோப்பையை வெல்லும் வாய்ப்போடு சொந்த அரங்கில் நடைபெறக்கூடிய ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு வருமானத்தையும் இழக்கிறது.

## அடிப்படை அமைப்பு

2021–22 பருவத்தில் சியாட்டில் கிராக்கன் இணைந்தபோது லீக்கின் அணிகள் 32 ஆயின. இவை கிழக்குக் கூட்டம், மேற்குக் கூட்டம் என இரண்டாகவும், ஒவ்வொரு கூட்டமும் எட்டு அணிகள் கொண்ட இரு பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டன. கிழக்கில் அட்லாண்டிக், மெட்ரோபொலிட்டன் ஆகிய பிரிவுகளும், மேற்கில் சென்ட்ரல், பசிபிக் ஆகிய பிரிவுகளும் உள்ளன.

வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்படும். 1999–2000 பருவம் முதல், மேலதிக நேரத்தில் தோற்கும் அணிக்கும் ஒரு புள்ளி கிடைக்கிறது. 2005–06 பருவத்தில் சமநிலை முடிவுகள் நீக்கப்பட்டன. மேலதிக நேரத்திலும் முடிவு கிட்டாத ஆட்டங்கள் அப்பருவம் முதல் ஷூட்அவுட் மூலம் தீர்க்கப்படுகின்றன.

2013–14 இல் அறிமுகமான முறைப்படி ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களைப் பெறும் அணிகள் நேரடியாகத் தகுதி பெறும். எஞ்சிய அணிகளுள் கூட்டத்துக்கு இரண்டு வீதம், புள்ளிகளின் அடிப்படையில் வைல்டு கார்டு எனும் சிறப்பு இடம் பெறும். மொத்தம் 16 அணிகள் பிளேஆஃப் சுற்றில் ஆடும்.

## பிரிவுசார் அட்டவணைக்கான காரணங்கள்

முதற்காரணம் பயணத் தொலைவு ஆகும். லீக்கின் அணிகள் அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரை நான்கு நேர வலயங்களில் பரவியுள்ளன. அருகிலுள்ள அணிகளுடன் அதிகம் ஆடினால் பயணச் செலவும் வீரர்களின் களைப்பும் குறையும்.

இரண்டாவது காரணம் தொலைக்காட்சி ஒளிபரப்பு. மேற்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்குக் கரை நகரங்களில் இரவு பத்து மணிக்கே தொடங்கும். இத்தகைய ஆட்டங்கள் மிகுந்தால் உள்ளூர்ப் பார்வையாளர்கள் குறைவர்.

மூன்றாவது காரணம் போட்டியுணர்வு. ஒரே இரு அணிகள் ஒரு பருவத்தில் பலமுறை மோதும்போது அவற்றுக்கிடையே நெடுங்காலப் போட்டி வளர்கிறது. அத்தகைய ஆட்டங்களுக்கு இரசிகர்கள் அதிகம் வருவர் என லீக்குகள் கருதுகின்றன.

## வரலாறு

1942–43 முதல் 1966–67 வரை லீக்கில் ஆறு அணிகள் மட்டுமே இருந்தன. 1949–50 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடனும் 14 முறை வீதம் 70 ஆட்டங்கள் ஆடியது. இது முழுமையான சமநிலை அட்டவணை ஆகும்.

1967 இல் ஆறு புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. பழைய ஆறு அணிகளும் கிழக்குப் பிரிவிலும், புதிய ஆறு அணிகளும் மேற்குப் பிரிவிலும் வைக்கப்பட்டன. 1967–68 இல் ஓர் அணியின் 74 ஆட்டங்களில் 50 ஆட்டங்கள் சொந்தப் பிரிவுக்குள்ளேயே நடைபெற்றன.

1979–80, 1980–81 ஆகிய இரு பருவங்களில் லீக் மீண்டும் சமநிலை அட்டவணைக்குத் திரும்பியது. அப்போதிருந்த 21 அணிகளில் ஒவ்வொன்றும் மற்ற 20 அணிகளுடனும் நான்கு முறை வீதம் 80 ஆட்டங்கள் ஆடியது. பிரிவு வேறுபாடின்றி, மொத்தப் புள்ளிப் பட்டியலில் முதல் 16 இடங்களைப் பெற்ற அணிகள் பிளேஆஃபுக்குச் சென்றன.

1981–82 இல் ஆடம்ஸ், பேட்ரிக், நோரிஸ், ஸ்மைத் ஆகிய நான்கு பிரிவுகளும் புவியியல் அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டன. ஐந்து அணிகள் கொண்ட பிரிவில் ஓர் அணி தன் பிரிவுப் போட்டியாளர்களுடன் எட்டு முறை வீதமும், மற்ற அணிகளுடன் மூன்று முறை வீதமும் ஆடியது. பிரிவின் முதல் நான்கு அணிகள் தகுதி பெற்றன. 1993–94 இல் இம்முறை கைவிடப்பட்டு, கூட்டத்துக்கு எட்டு அணிகள் தகுதி பெறும் முறை வந்தது.

2005–06 முதல் மூன்று பருவங்களுக்குப் பிரிவுசார் ஆட்டங்கள் மீண்டும் மிகுந்தன. ஓர் அணி தன் பிரிவின் நான்கு அணிகளுடன் எட்டு முறை வீதம் 32 ஆட்டங்களும், கூட்டத்தின் பிற பத்து அணிகளுடன் நான்கு முறை வீதம் 40 ஆட்டங்களும் ஆடியது. மற்றக் கூட்டத்துடன் பத்து ஆட்டங்களே எஞ்சின. அக்கூட்டத்தில் ஐந்து அணிகள் கொண்ட ஒரு பிரிவை அப்பருவத்தில் அது சந்திக்கவே இல்லை. 2005 இல் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணியில் அறிமுகமான சிட்னி கிராஸ்பி, 2007 டிசம்பரில்தான் மேற்குக் கனடிய நகரங்களில் முதன்முறையாக லீக் ஆட்டங்களை ஆடினார். இவ்வமைப்புக்கு எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 2008–09 இல் பிரிவுப் போட்டியாளர்களுடனான ஆட்டங்கள் எட்டிலிருந்து ஆறாகக் குறைக்கப்பட்டன.

கீழ்க்காணும் அட்டவணை, சில பருவங்களில் ஓர் அணி ஆடிய பிரிவு ஆட்டங்களின் பங்கைக் காட்டுகிறது.

| பருவம் | அணிகள் | மொத்த ஆட்டங்கள் | பிரிவு ஆட்டங்கள் | பங்கு |
|---|---|---|---|---|
| 1967–68 | 12 | 74 | 50 | 68% |
| 1981–82 (ஐந்து அணிப் பிரிவு) | 21 | 80 | 32 | 40% |
| 2005–06 | 30 | 82 | 32 | 39% |
| 2008–09 | 30 | 82 | 24 | 29% |
| 2012–13 (குறுகிய பருவம்) | 30 | 48 | 18 | 38% |
| 2013–14 (கிழக்கு) | 30 | 82 | 30 | 37% |
| 2020–21 (குறுகிய பருவம்) | 31 | 56 | 56 | 100% |
| 2021–22 | 32 | 82 | 26 | 32% |

2012–13 பருவம் கதவடைப்பினாலும், 2020–21 பருவம் கொரோனாப் பெருந்தொற்றினாலும் குறுக்கப்பட்டன.

## பிரிவுக்குள் புள்ளிகளின் கணக்கு

பிரிவுசார் அட்டவணையின் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உண்மை உதவும். இரு பிரிவு அணிகள் மோதும்போது, ஒன்றின் வெற்றி மற்றதன் தோல்வி ஆகும். எனவே பிரிவு ஆட்டங்களில் கிடைக்கும் மொத்தப் புள்ளிகள், அப்பிரிவு அணிகள் திறமையானவையா அல்லவா என்பதைப் பொறுத்தவை அல்ல.

எடுத்துக்காட்டாக, ஐந்து அணிகள் ஒன்றுடன் ஒன்று எட்டு முறை ஆடினால் பத்து இணைகள், 80 ஆட்டங்கள், 160 புள்ளிகள். ஓர் அணிக்குச் சராசரி 32 புள்ளிகள். மேலதிக நேரத் தோல்விக்கான கூடுதல் புள்ளிகளை ஒதுக்கிவிட்டால், இந்தச் சராசரி எப்போதும் மாறாது. ஐந்தும் சிறந்த அணிகளாயினும் 32. ஐந்தும் நலிந்த அணிகளாயினும் 32.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன:

* வலுவான பிரிவில் உள்ள அணிகள் ஒன்றன் புள்ளியை மற்றது பறித்துக்கொள்கின்றன. அவற்றின் மொத்தப் புள்ளிகள் உண்மையான திறமையைவிடக் குறைவாகத் தெரியும்.
* நலிந்த பிரிவில் உள்ள அணிகள் ஒன்றிடமிருந்து மற்றது புள்ளிகளைப் பெறுகின்றன. அவற்றின் மொத்தப் புள்ளிகள் உண்மையான திறமையைவிட அதிகமாகத் தெரியும்.

பிரிவு ஆட்டங்களின் பங்கு கூடக் கூட, இவ்விரு விளைவுகளும் பெரிதாகும்.

### ஒரு கற்பனைக் கணக்கு

சம திறமை கொண்ட இரு அணிகளைக் கருதுக. முதல் அணி வலுவான பிரிவில் உள்ளது. அங்கு அது பிரிவு ஆட்டங்களில் 45 விழுக்காட்டை வெல்லும். இரண்டாவது அணி நலிந்த பிரிவில் உள்ளது. அங்கு அது 55 விழுக்காட்டை வெல்லும்.

30 அணிகள் கொண்ட லீக்கில் 82 ஆட்டங்களைச் சமமாகப் பங்கிட்டால், பிரிவின் நான்கு அணிகளுடன் சுமார் 11 ஆட்டங்கள் அமையும். 2005–06 அட்டவணையில் இவ்வெண்ணிக்கை 32. அதாவது அட்டவணையால் கூடியவை 21 ஆட்டங்கள். இந்த 21 ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் இடையே ஏற்படும் வேறுபாடு 2.1 வெற்றிகள், அதாவது நான்கு புள்ளிகளுக்குச் சற்று மேல்.

நான்கு புள்ளிகள் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் தகுதிக் கோட்டருகே அது பெரிய இடைவெளி ஆகும். 2006–07 இல் கிழக்கில் எட்டாவது இடம் பெற்ற நியூயோர்க் ஐலண்டர்ஸ் 92 புள்ளிகளும், தகுதி இழந்த ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 91 புள்ளிகளும் பெற்றிருந்தன. அதற்கடுத்த மொன்றியால் கனேடியன்ஸ் 90 புள்ளிகள் பெற்றது.

## வாய்ப்பைப் பாதிக்கும் பிற கூறுகள்

### நான்கு புள்ளி ஆட்டம்

ஒரே தகுதி இடத்துக்குப் போட்டியிடும் இரு அணிகளுக்கிடையிலான ஆட்டம் வழக்கில் நான்கு புள்ளி ஆட்டம் எனப்படுகிறது. வெற்றி பெறும் அணி இரண்டு புள்ளிகளைப் பெறுவதோடு, போட்டியாளர் இரண்டு புள்ளிகளைப் பெறாமலும் தடுக்கிறது. பிரிவுசார் அட்டவணையில் இத்தகைய ஆட்டங்கள் மிகுதி. பின்தங்கிய அணி தன் விதியைத் தானே மாற்றிக்கொள்ள இவை வழிவகுக்கின்றன. முன்னிலையில் உள்ள அணிக்கு இவையே ஆபத்தாகவும் அமையும்.

### மேலதிக நேரப் புள்ளி

மேலதிக நேரத்துக்குச் செல்லும் ஆட்டத்தில் இரு அணிகளுக்குமாக மூன்று புள்ளிகள் வழங்கப்படுகின்றன. அது பிரிவுப் போட்டியாளருடனான ஆட்டமாயின், வெற்றி பெற்ற அணியின் ஆதாயம் ஒரு புள்ளியாகச் சுருங்கும். அதேவேளை இரு அணிகளும் மற்றப் பிரிவு அணிகளைவிட முன்னேறும். எனவே ஒரு பிரிவுக்குள் மேலதிக நேர ஆட்டங்கள் மிகுந்தால், வைல்டு கார்டு இடங்களுக்கான போட்டியில் அப்பிரிவு முழுமைக்கும் சிறு ஆதாயம் கிடைக்கும்.

### பயணமும் நேர வலயமும்

பிரிவு எல்லைகள் சரியாக வகுக்கப்படாவிடில் பிரிவுசார் அட்டவணை பயணத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். டாலஸ் ஸ்டார்ஸ் 1998 முதல் 2013 வரை பசிபிக் பிரிவில் இருந்தது. டாலஸ் நகருக்கும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடு உண்டு. 2011 இல் அட்லாண்டா திராஷர்ஸ் அணி கனடாவின் வின்னிப்பெக் நகருக்கு மாற்றப்பட்டு வின்னிப்பெக் ஜெட்ஸ் ஆனது. எனினும் 2011–12, 2012–13 பருவங்களில் அது தென்கிழக்குப் பிரிவிலேயே நீடித்து, புளோரிடா மாநில அணிகளைப் பிரிவுப் போட்டியாளராகக் கொண்டிருந்தது. 2013 மறுசீரமைப்பில் டாலஸ், வின்னிப்பெக் ஆகிய இரண்டும் சென்ட்ரல் பிரிவுக்கு மாற்றப்பட்டன. டிட்ராயிட், கொலம்பஸ் அணிகள் கிழக்குக் கூட்டத்துக்குச் சென்றன.

## குறிப்பிடத்தக்க பருவங்கள்

### 1969–70

இப்பருவத்தில் ஓர் அணியின் 76 ஆட்டங்களில் 40 ஆட்டங்கள் பிரிவுக்குள் நடைபெற்றன. இரு பிரிவுகளிலும் முதல் நான்கு அணிகள் தகுதி பெறும். கிழக்குப் பிரிவில் மொன்றியால் கனேடியன்ஸ், நியூயோர்க் ரேஞ்சர்ஸ் ஆகிய இரண்டும் 92 புள்ளிகளுடனும் 38 வெற்றிகளுடனும் சமநிலையில் முடித்தன. ரேஞ்சர்ஸ் 246 கோல்களும், மொன்றியால் 244 கோல்களும் அடித்திருந்தன. இந்த இரண்டு கோல் வேறுபாட்டால் மொன்றியால் வெளியேறியது.

பருவத்தின் கடைசி நாளில் ரேஞ்சர்ஸ், டிட்ராயிட்டை 9–5 என வென்று தன் கோல் எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டது. அன்றிரவு சிகாகோவில் ஆடிய மொன்றியால், வெற்றி கைநழுவிய நிலையில் கோல் எண்ணிக்கையையாவது கூட்டுவதற்காகக் கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆடியது. ஆட்டம் 10–2 என்ற தோல்வியில் முடிந்தது.

அதே பருவத்தில் மேற்குப் பிரிவில் 22 வெற்றிகளையும் 58 புள்ளிகளையும் மட்டுமே பெற்ற ஓக்லண்ட் சீல்ஸ் தகுதி பெற்றது. மொன்றியாலுக்கும் ஓக்லண்டுக்கும் இடையிலான வேறுபாடு 34 புள்ளிகள். ரொறன்ரோவும் தகுதி பெறாததால், அவ்வாண்டு பிளேஆஃபில் கனடிய அணி எதுவும் இடம்பெறவில்லை. மேற்குப் பிரிவின் செயிண்ட் லூயிஸ் புளூஸ் 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் இறுதித் தொடருக்குச் சென்று, மூன்றிலும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் தோற்றது. இரு பிரிவுகளுக்கிடையே இருந்த திறமை வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டுகிறது.

### 1987–88

இப்பருவம் வலுவான பிரிவு, நலிந்த பிரிவு ஆகிய இரண்டின் விளைவுகளையும் ஒருசேரக் காட்டுவதாகும்.

பேட்ரிக் பிரிவின் ஆறு அணிகளும் 88 முதல் 81 வரையிலான புள்ளிகளுடன் முடித்தன. முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையே ஏழு புள்ளிகளே வேறுபாடு. நியூ ஜேர்சி டெவில்ஸ், நியூயோர்க் ரேஞ்சர்ஸ் இரண்டும் 82 புள்ளிகள் பெற்றன. 1988 ஏப்ரல் 3 அன்று சிகாகோவில் நடந்த கடைசி ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் ஜான் மக்லீன் அடித்த கோலால் நியூ ஜேர்சி 4–3 என வென்றது. இதனால் 38 வெற்றிகளுடன் அது தகுதி பெற்றது. 36 வெற்றிகள் பெற்ற ரேஞ்சர்ஸ் வெளியேறியது. 81 புள்ளிகள் பெற்ற பிட்ஸ்பர்க்கும் தகுதி இழந்தது.

நோரிஸ் பிரிவில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 21 வெற்றிகள், 49 தோல்விகள், 10 சமநிலைகளுடன் 52 புள்ளிகள் பெற்று நான்காம் இடத்தில் முடித்தது. ஐந்தாம் இடத்திலிருந்த மினசோட்டா நோர்த் ஸ்டார்ஸ் 51 புள்ளிகளே பெற்றிருந்ததால் ரொறன்ரோ தகுதி பெற்றது. லீக்கின் 21 அணிகளில் ரொறன்ரோ 20 ஆவது இடத்தில் இருந்தது. அதைவிட அதிகப் புள்ளிகள் பெற்ற ரேஞ்சர்ஸ் (82), பிட்ஸ்பர்க் (81), கியூபெக் நோர்டிக்ஸ் (69), வன்கூவர் கனக்ஸ் (59) ஆகிய நான்கு அணிகள் வெளியே நின்றன. முதற்சுற்றில் ரொறன்ரோ டிட்ராயிட்டிடம் தோற்றது. கடைசி நாளில் தகுதி பெற்ற நியூ ஜேர்சியோ கூட்ட இறுதித் தொடர் வரை முன்னேறியது.

### 2011–12

இப்பருவத்தில் கூட்டத்தின் மூன்று பிரிவு வெற்றியாளர்களுக்கும் முதல் மூன்று தரவரிசைகள் வழங்கப்பட்டன. தென்கிழக்குப் பிரிவில் புளோரிடா பாந்தர்ஸ் 38 வெற்றிகளுடனும் 18 மேலதிக நேரத் தோல்விகளுடனும் 94 புள்ளிகள் பெற்று முதலிடம் பிடித்தது. இதனால் அது கூட்டத்தில் மூன்றாம் தரவரிசை பெற்றது. அட்லாண்டிக் பிரிவில் ரேஞ்சர்ஸ் 109, பிட்ஸ்பர்க் 108, பிலடெல்பியா 103, நியூ ஜேர்சி 102 புள்ளிகள் பெற்றிருந்தன. 48 வெற்றிகள் பெற்ற நியூ ஜேர்சி ஆறாம் தரவரிசையில் வைக்கப்பட்டு, எட்டுப் புள்ளிகள் குறைவாகப் பெற்ற புளோரிடாவின் அரங்கில் தொடரைத் தொடங்க நேர்ந்தது. அத்தொடரை ஏழாவது ஆட்டத்தில் வென்ற நியூ ஜேர்சி, அவ்வாண்டு ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர் வரை சென்றது.

### 2014–15

வைல்டு கார்டு முறையின் நன்மையை இப்பருவம் விளக்குகிறது. சென்ட்ரல் பிரிவில் செயிண்ட் லூயிஸ் (109), நாஷ்வில் (104), சிகாகோ (102) ஆகியன நேரடியாகத் தகுதி பெற்றன. மினசோட்டா வைல்டு (100), வின்னிப்பெக் (99) ஆகியன மேற்கின் இரு வைல்டு கார்டு இடங்களையும் பெற்றன. அவ்வாறு ஒரே பிரிவிலிருந்து ஐந்து அணிகள் முன்னேறின. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் 95 புள்ளிகளுடன் வெளியேறியது. பிரிவுக்கு நான்கு இடம் என்ற பழைய விதி இருந்திருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் தகுதி பெற்றிருக்கும். 99 புள்ளிகள் பெற்ற வின்னிப்பெக் வெளியேறியிருக்கும். ஏழு அணிகள் கொண்ட சென்ட்ரல் பிரிவில் கடைசியாக வந்த கொலராடோ அவலாஞ்சும் 90 புள்ளிகள் பெற்றிருந்தது.

### 2016–17

தகுதி பெற்ற பின்னரும் பிரிவின் வலிமை ஓர் அணியைப் பாதிக்கலாம். மெட்ரோபொலிட்டன் பிரிவில் வாஷிங்டன் கேபிடல்ஸ் 118, பிட்ஸ்பர்க் 111, கொலம்பஸ் 108 புள்ளிகள் பெற்றன. இவை லீக் முழுவதிலும் முறையே முதலாம், இரண்டாம், நான்காம் இடங்கள் ஆகும். பிரிவின் இரண்டாம், மூன்றாம் அணிகள் முதற்சுற்றில் மோத வேண்டும் என்ற விதியால் பிட்ஸ்பர்க்கும் கொலம்பசும் முதற்சுற்றிலேயே சந்தித்தன. கொலம்பஸ் வெளியேறியது. அடுத்த சுற்றில் பிட்ஸ்பர்க் வாஷிங்டனை வென்றது. பின்னர் அவ்வாண்டின் கோப்பையையும் வென்றது.

### 2020–21

பெருந்தொற்றுக் காலத்தில் கனடா, அமெரிக்க எல்லையைக் கடப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளால் ஏழு கனடிய அணிகளும் வடக்குப் பிரிவு எனத் தனியே வைக்கப்பட்டன. பருவத்தின் 56 ஆட்டங்களும் பிரிவுக்குள்ளேயே நடைபெற்றன. எட்டு அணிகள் கொண்ட பிரிவில் ஓர் அணி ஒவ்வொரு போட்டியாளருடனும் எட்டு முறை ஆடியது. வடக்குப் பிரிவில் இது ஒன்பது அல்லது பத்து முறை ஆனது.

முன்னர்க் கூறிய கணக்குப்படி, இப்பருவத்தில் எல்லாப் பிரிவுகளின் சராசரியும், மேலதிக நேரப் புள்ளிகள் நீங்கலாக, 56 புள்ளிகளே. ஆகவே வெவ்வேறு பிரிவு அணிகளின் புள்ளிகளை ஒப்பிடுவதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. வடக்கில் நான்காம் இடம் பெற்ற மொன்றியால் 59 புள்ளிகளுடன் தகுதி பெற்றது. கிழக்கில் ரேஞ்சர்சும், சென்ட்ரலில் டாலசும் 60 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்று வெளியேறின. மொன்றியால் நலிந்த அணி என்ற எண்ணத்துக்கு மாறாக, அது ரொறன்ரோ, வின்னிப்பெக், வேகாஸ் கோல்டன் நைட்ஸ் ஆகிய அணிகளை வென்று இறுதித் தொடருக்குச் சென்றது. அங்கு டாம்பா பே லைட்னிங் அணியிடம் 4–1 எனத் தோற்றது.

## தகுதி முறையுடன் உள்ள தொடர்பு

அட்டவணை சமநிலையற்றது என்பதாலேயே அது நியாயமற்றது ஆகிவிடாது. எந்த அணிகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன என்பதே முதன்மையானது.

ஒரே பிரிவைச் சேர்ந்த அணிகள் ஏறத்தாழ ஒரே எதிரணிகளைச் சந்திக்கின்றன. எனவே பிரிவுக்குள் இடங்களைத் தீர்மானிக்கப் பிரிவுசார் அட்டவணை பொருத்தமானது. ஆனால் பிரிவுகளின் திறமை வேறுபட்டால், 1969–70, 1987–88 பருவங்களில் நிகழ்ந்ததுபோல, சிறந்த அணி வெளியேறி நலிந்த அணி நுழைய நேரும்.

கூட்டம் முழுவதும் புள்ளிகளை ஒப்பிட்டுத் தகுதி வழங்கினால் இக்குறை ஓரளவு நீங்கும். ஆயினும் வெவ்வேறு எதிரணிகளைச் சந்தித்த அணிகள் ஒரே பட்டியலில் வைக்கப்படுவதால் புதிய குறை ஒன்று தோன்றும். பிரிவு ஆட்டங்கள் 32 ஆக இருந்த 2005–08 காலத்தில் கூட்டத்தின் எட்டு இடங்களில் ஐந்து இடங்கள் புள்ளி ஒப்பீட்டால் நிரப்பப்பட்டன. அட்டவணையும் தகுதி முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்ததற்கு இது எடுத்துக்காட்டு ஆகும்.

கூட்டங்களுக்கிடையே ஒப்பீடு இல்லாமையும் இதைப் போன்றதே. 2024–25 இல் மேற்கில் கால்கரி பிளேம்ஸ், செயிண்ட் லூயிஸ் இரண்டும் 96 புள்ளிகள் பெற்றன. வழக்கமான ஆட்ட நேரத்துக்குள் பெற்ற வெற்றிகள் செயிண்ட் லூயிசுக்கு ஒன்று கூடுதலாக இருந்ததால் கால்கரி வெளியேறியது. கிழக்கில் மொன்றியால் 91 புள்ளிகளுடன் தகுதி பெற்றது.

## பிற விளையாட்டுகளில்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் காற்பந்தில் 20 அணிகளும் ஒன்றோடொன்று இருமுறை வீதம் 38 ஆட்டங்கள் ஆடுகின்றன. நாட்டின் பரப்பு சிறியதாகையால் அங்கு முழுச் சமநிலை எளிதாகிறது.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி தன் பிரிவின் நான்கு அணிகளுடன் 19 முறை வீதம் 76 ஆட்டங்கள் ஆடி வந்தது. 2023 இல் இது 13 முறை வீதம் 52 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கக் காற்பந்தில் (என்.எஃப்.எல்.) 2010 பருவத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் 7 வெற்றிகளும் 9 தோல்விகளும் பெற்றபோதிலும் தன் பிரிவில் முதலிடம் பிடித்துப் பிளேஆஃபுக்குச் சென்றது.

## முழுச் சமநிலை இயலுமா

32 அணிகள் கொண்ட லீக்கில் ஓர் அணிக்கு 31 எதிரணிகள் உள்ளன. ஒவ்வொன்றுடனும் சொந்த அரங்கில் ஒன்றும் எதிரணி அரங்கில் ஒன்றுமாக இரண்டு ஆட்டங்கள் ஆடினால் 62 ஆட்டங்கள் ஆகும். மூன்று ஆட்டங்கள் ஆடினால் 93 ஆகும். 82 என்பது இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளதால், 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முழுச் சமநிலை இயலாது. 62 போக எஞ்சும் 20 ஆட்டங்களை யாருடன் ஆடுவது என்பதே உண்மையான கேள்வி.

2021–22 அட்டவணையில் இந்த 20 ஆட்டங்களில் 12 பிரிவு அணிகளுக்கும், 8 கூட்டத்தின் மற்றப் பிரிவு அணிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. இதனால் ஏழு பிரிவுப் போட்டியாளர்களில் ஐந்து அணிகளுடன் நான்கு முறையும், இரண்டு அணிகளுடன் மூன்று முறையும் ஆட நேர்ந்தது. ஒரு பிரிவுக்குள்ளேயே சிறு ஏற்றத்தாழ்வு இவ்வாறு உருவானது. லீக்கும் வீரர் சங்கமும் 2025 இல் செய்துகொண்ட உடன்பாடு, 2026–27 முதல் பருவத்தை 84 ஆட்டங்களாக உயர்த்த வகை செய்கிறது. கூடும் இரு ஆட்டங்கள் பிரிவுக்குள் அமைந்தால் பிரிவு ஆட்டங்கள் 28 ஆகும். அப்போது ஏழு போட்டியாளர்களுடனும் நான்கு முறை வீதம் சமமாக ஆட இயலும்.

பிரிவு ஆட்டங்களைக் குறைத்தால் புள்ளிகள் திறமையை நெருக்கமாகக் காட்டும்; ஆனால் பயணம் கூடும். அவற்றைக் கூட்டினால் பயணம் குறைந்து போட்டியுணர்வு வளரும். ஆனால் ஓர் அணியின் வாய்ப்பு அதன் அண்டை அணிகளின் வலிமையைச் சார்ந்ததாகிவிடும். லீக்கின் அட்டவணை வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறி அமைந்ததாகும்.